ஜப்பானுக்கு குரூப் டூரில் போன அனுபவம் எப்படி? தனியாகப் போவது நல்லதா, குழுவோடு போவது நல்லதா?

வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? யோசிக்காமல் குழுவோடு போங்கள். நீங்களும் உங்கள் துணையும் மட்டும், நன்றாக நடப்பீர்கள், போனில் மேப் பார்த்து ரயில் மாறத் தெரியும் என்றால் குழு தேவையில்லை. தனியாகச் சுற்றுவதற்கு ஜப்பான் அளவுக்கு எளிதான நாடுகள் குறைவு. நான் எழுபதைத் தாண்டிய அம்மாவோடும் மனைவியோடும் ஒரு ஏப்ரலில் குழுவில் போனேன். அதை வைத்துத்தான் இந்தப் பதில்.

எந்த நிறுவனத்தின் நோட்டீஸை எடுத்தாலும் ஊர்கள் மாறாது. டோக்கியோ, ஃபூஜி மலைப் பக்கம் ஹகோனே அல்லது கவாகுச்சிகோ, கியோட்டோ, நாரா, ஒசாகா, கொஞ்சம் விலை கூடினால் ஹிரோஷிமா. இந்தப் பாதைக்கு ‘கோல்டன் ரூட்’ என்றே பெயர். அதனால் யார் அதிக இடம் காட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. உள்ளூர் கைடு யார், சாப்பாடு எங்கே, பஸ்ஸை விட்டு நாமாகச் சுற்றக் கிடைக்கும் நேரம் எவ்வளவு, இவற்றில்தான் ஒரு டூருக்கும் இன்னொரு டூருக்கும் வித்தியாசமே.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். குழுவை நடத்த இரண்டு பேர் இருப்பார்கள். இந்தியாவிலிருந்தே கூட வருபவர் டூர் மேனேஜர். பாஸ்போர்ட், அறைச் சாவி, ஜன்னலோர சீட்டுக்கு வரும் சண்டை எல்லாம் அவர் தலையில். ஊரைப் பற்றிச் சொல்வது ஜப்பானிய கைடு. அங்கே வெளிநாட்டவருக்கு வழிகாட்ட அரசுத் தேர்வு இருக்கிறது. மொழியோடு வரலாறு, புவியியல் எல்லாம் கேட்பார்கள். முன்பு இந்த உரிமம் இல்லாமல் கூலிக்கு வழிகாட்டக் கூடாது. 2018 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் கொடி பிடிக்கலாம். பணம் கட்டும் முன் ‘கைடு உரிமம் உள்ளவரா, எல்லா நாளும் வருவாரா’ என்று கேளுங்கள். சில மலிவு டூர்களில் மேனேஜரே கூகுளில் படித்துச் சொல்லிச் சமாளிப்பதாகச் சக பயணிகள் சொன்னார்கள்.

எங்களுக்கு வாய்த்தவர் அறுபதைத் தொட்ட ஒரு பெண்மணி. கையில் சின்னக் கொடி, தோளில் ஒரு பை, அதற்குள் மழைக்கோட்டு முதல் பிளாஸ்திரி வரை. நம் எல்லோர் கழுத்திலும் ஒரு சின்ன ரிசீவர் மாட்டிவிடுவார்கள், காதில் இயர்போன். அவர் முன்னால் போய்க்கொண்டே முணுமுணுப்பாகப் பேசினாலும் கடைசியில் வருபவருக்குக் கேட்கும். கோயில்களில் குரல் உயர்த்தினால் முகம் சுளிக்கிற நாட்டில் இது மிகப் பெரிய வசதி. அம்மாவுக்கு ஆங்கிலம் பாதி புரியும், மீதியை நான் சொல்லுவேன்.

நாராவில் தோதாய்ஜி கோயில். மான்களுக்கு பிஸ்கட் கொடுத்து, அவை தலை குனிந்து வணக்கம் போடுவதைப் படம் எடுத்து, பாதிப் பேர் அதிலேயே களைத்துவிட்டார்கள். உள்ளே ஏறத்தாழ 15 மீட்டர் உயர வெண்கல புத்தர். கைடு எங்களை ஓரமாக நிறுத்தி, “752இல் இந்த புத்தருக்குக் கண் திறந்தவர் உங்கள் நாட்டுக்காரர்” என்றார். போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் ஜப்பானுக்கு வந்தவர், தென்னிந்தியர் என்பது மரபு. அவர் தூரிகையால் கண்ணுக்கு மை இட்டபோது அந்தத் தூரிகையில் நீண்ட வண்ணக் கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோருக்கும் புண்ணியம் சேரட்டும் என்று. துறவு பூண்டிருந்த முன்னாள் பேரரசர் ஷோமுவும் அதில் ஒருவர். அந்தத் தூரிகை இன்றும் பத்திரமாக இருக்கிறது. மண்டபம் 1180லும் 1567லும் போரில் எரிந்து, இப்போது நிற்பது 1709இல் முடிந்த கட்டடம்.

“கண் திறக்கறதுன்னா நம்மூர்ல ஸ்தபதி பண்றதுதானே கண்ணு?” என்று அம்மா கேட்டார். அதைக் கைடிடம் சொன்னேன். அவர் உடனே குறிப்பேட்டை எடுத்து, ஸ்தபதி என்ற சொல்லை எழுதிக்கொண்டு, அதற்கான முறை என்ன, எப்போது செய்வார்கள் என்று பஸ் வரும் வரை அம்மாவைக் கேள்விகளால் துளைத்துவிட்டார். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன். தனியாகப் போயிருந்தால் நானும் சிலையின் உயரத்தைப் பலகையில் படித்துவிட்டு வெளியே வந்திருப்பேன்.

கியோட்டோவில் கின்காகுஜி, பொன்தகடு வேய்ந்த மண்டபம், எல்லா குழுவும் போகும். ஒரு இளம் துறவி 1950இல் எரித்துவிட்டதால் 1955இல் திரும்பக் கட்டியது. அங்கே நின்று ரசிக்க முடியாது, பின்னால் வருகிற கூட்டம் நகர்த்திக்கொண்டே இருக்கும். அன்று மாலை நிகழ்ச்சி நிரலில் ஷாப்பிங் என்று போட்டிருந்தது. கைடு மேனேஜரிடம் ஏதோ பேசினார். பிறகு மைக்கில், “ஆளுக்கு 600 யென் கொடுத்தால் வேறு ஒரு கோயில் காட்டுகிறேன், விருப்பமில்லாதவர்கள் கடைக்குப் போகலாம்” என்றார். பாதிக்குப் பாதி பிரிந்தோம்.

அதுதான் சஞ்சுசங்கென்தோ. 120 மீட்டர் நீளத்துக்கு ஒரே மர மண்டபம், 1266இல் மீண்டும் கட்டியது. உள்ளே வரிசை வரிசையாக கன்னோன் என்ற, ஆயிரம் கைகள் கொண்ட கருணை போதிசத்துவரின் சிலைகள், மொத்தம் 1001. படம் எடுக்க அனுமதி இல்லை, அதனாலேயே எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அவற்றுக்கு முன்னால் காவல் தெய்வங்களாக 28 சிலைகள். கைடு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்: பிரம்மா, இந்திரன், புல்லாங்குழல் ஊதும் கருடன், எலும்பும் தோலுமாகக் கையில் ஓலையோடு வசு முனிவர். மதுரையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் செருப்பில்லாத காலில் அந்த மண்டபத்தை இரண்டு தரம் சுற்றி வந்தார். இந்தியாவிலிருந்து போகிற பெரும்பாலான நிரல்களில் இந்தக் கோயில் இருக்காது. கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

டோக்கியோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரத்தில் ஏற்றுவார்கள், ஷிபுயாவின் பிரபலமான சந்திப்பில் சாலையைக் கடக்க வைப்பார்கள், அசகுசாவின் சென்சோஜி கோயிலில் பெரிய சிவப்பு விளக்குக்குக் கீழே குரூப் போட்டோ. பகலில் அங்கே தோளோடு தோள் இடிக்கும்.

இங்கேதான் ஒரு உபாயம் சொல்ல வேண்டும். பஸ் காலை எட்டரைக்குக் கிளம்பும் (எட்டரை என்றால் எட்டு இருபத்தைந்துக்கு சீட்டில் இருக்க வேண்டும், அதில் தயவு தாட்சண்யம் இல்லை). இரவுச் சாப்பாடு ஆறரைக்கே முடிந்துவிடும். ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்டத்தில் வரம்பு இருப்பதால் கூடுதலாக ஓர் இடம் போகலாம் என்று கெஞ்சினாலும் நடக்காது. ஆனால் ஏப்ரலில் அங்கே சூரியன் ஐந்து மணிவாக்கில் உதித்துவிடுகிறது. பஸ் கிளம்பும் வரை உள்ள அந்த மூன்று மணி நேரம் முழுக்க உங்களுடையது. பெண்கள் தனியாக நடந்தாலும் பயமில்லை. சென்சோஜியின் வளாகத்துக்குக் கதவு கிடையாது. விடியற்காலையில் நாய் நடத்திக்கொண்டு வருகிற உள்ளூர் முதியவர்கள்தான் இருப்பார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மாட்சுசியாமா ஷோதென் என்று ஒரு சிறு கோயில். அங்கே இருப்பவர் கன்கிதென், நம்ம பிள்ளையார். மூலவரை யாருக்கும் காட்டமாட்டார்கள். கொழுக்கட்டை இல்லை, வெள்ளை முள்ளங்கிதான் நைவேத்தியம், வாசலிலேயே விற்கிறார்கள். அம்மா ஒன்று வாங்கி வைத்துவிட்டு, “சாம்பாருக்காவது ஆகும்” என்றார். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலும் இப்படித்தான், அந்த ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரணவாயில்கள் இரவும் பகலும் திறந்தே இருக்கும், கட்டணம் இல்லை. குழுவோடு பகல் பதினொன்றுக்குப் போய், முதல் வளைவிலேயே நெரிசலில் திரும்பியவர்கள் எங்களில் அதிகம்.

ஃபூஜியை நம்பிப் போகாதீர்கள். மலையேறும் பாதையின் ஐந்தாம் நிலையம் வரை, சுமார் 2,300 மீட்டர் உயரம், பஸ் ஏறும். நாங்கள் ஏறியபோது கையை நீட்டினால் கை தெரியாத மேகம். மறுநாள் காலை கவாகுச்சிகோ ஹோட்டல் ஜன்னலைத் திறந்தால் முழு மலையும் நிற்கிறது, பஸ் கிளம்பும் நேரத்துக்கு மறுபடி மூடிக்கொண்டது. அந்த ஹோட்டலில் வெந்நீர் ஊற்றுக் குளியல் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி, ஆனால் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். எங்கள் குழுவில் துணிந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான். அறையில் வைத்திருக்கும் யுகாதா என்ற பருத்தி அங்கியை உடுத்தினால் இடப்பக்க மடிப்பு மேலே வரவேண்டும். வலம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. சாப்பாட்டு அறையில் என் மனைவியைப் பார்த்த கைடு ஓடிவந்து திருத்திவிட்டார்.

சாப்பாடு. இந்திய நிறுவனங்கள் மதியமும் இரவும் இந்திய உணவகத்துக்கே கூட்டிப் போகும். பல கடைகளை நடத்துபவர்கள் நேபாளிகள். நான் ரொட்டி, பனீர், பருப்பு, மறுபடி அதே ரொட்டி, மறுபடி பனீர். மூன்றாம் நாள் சலிக்கும். ஆனால் சைவர்களுக்கு இதைவிட்டால் திண்டாட்டம்தான், காரணம் தாஷி. பொனிட்டோ மீனைக் காயவைத்துச் சீவி எடுக்கும் சாறு மிசோ சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும் காய்கறிப் பொரியலிலும் கூட இருக்கும். மீன் துண்டு கண்ணில் படாததால் ‘வெஜ்’ என்று நினைத்துச் சாப்பிடுபவர்கள் ஏராளம். சுத்த சைவ ஜப்பானியச் சாப்பாடு வேண்டுமென்றால் பௌத்த மடங்களின் ஷோஜின் ரியோரி இருக்கிறது. கியோட்டோவின் தென்ரியுஜி கோயிலிலேயே ஒரு உணவகம் உண்டு. அம்மாவின் வழி வேறு. கன்வீனியன்ஸ் கடையில் வேகவைத்த சாதப் பாக்கெட்டை அவர்களிடமே சூடாக்கி வாங்கி, மெய்ஜி பல்கேரியா தயிரை ஊற்றிப் பிசைந்து, கொண்டுபோன ஊறுகாயோடு தயிர் சாதம். அங்கத்திய அரிசி ஒட்டும், அது தயிர் சாதத்துக்கு வாகாகவே இருந்தது.

ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் இடைப்பட்ட நிலையங்களில் ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும். முப்பது நாற்பது இந்தியர்களைப் பெட்டியோடு அதற்குள் ஏற்றுவது நடக்காத காரியம் என்பதால், பெரிய பெட்டிகளை முதல் நாளே லாரியில் அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு இரவுக்கு வேண்டியதைத் தனிப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை மறந்தும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். தனியாகப் போகிறவர்கள் இந்த ரயிலின் செலவைக் கணக்கில் வைக்க வேண்டும். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு சுமார் 14,000 யென். ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650இலிருந்து 50,000 யென் ஆகிவிட்டது. ‘பாஸ் வாங்கினால் தனியாகப் போவது மலிவு’ என்ற பழைய பேச்சு இப்போது பொருந்தாது.

குழுவின் மேல் எனக்குக் கோபம் வந்தது ஹிரோஷிமாவில், அணுகுண்டு நினைவு அருங்காட்சியகத்தில். 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15க்கு நின்ற கைக்கடிகாரம், குண்டில் இறந்த மூன்று வயதுப் பையனோடு தகப்பன் தோட்டத்தில் புதைத்து, 40 ஆண்டு கழித்துத் தோண்டியெடுத்துக் கொடுத்த மூன்று சக்கர சைக்கிள். அந்த அருங்காட்சியகத்துக்கு நிரலில் ஒரு மணி நேரம். அதிலும் பக்கத்தில் 2023இல் திறந்த காந்தி சிலை முன் ஒவ்வொரு குடும்பமும் நின்று படம் எடுத்ததில் இருபது நிமிடம் போனது. பாதியில் வெளியே வரச் சொன்னார்கள். எதற்கு எவ்வளவு நேரம் என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குழுவாகப் போவதைக் கேலி செய்பவர்கள் நிறைய. ஜப்பானியர்களைப் பார்த்தால் அந்தக் கேலி எடுபடாது. எடோ காலத்தில் (1603–1868) இசே என்ற ஊரின் பெரிய ஷிந்தோ கோயிலுக்குப் போக கிராமத்தார் நம்ம ஏலச்சீட்டு போல ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்து, குலுக்கலில் பெயர் வந்தவர்களை எல்லோர் சார்பிலும் அனுப்பிவைப்பார்கள். தங்க இடம், சாப்பாடு, தரிசனம் எல்லாம் அங்கிருக்கும் ஓன்ஷி என்ற கோயில் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். சீருடை அணிந்த பெண் கைடுகளோடு சுற்றுலா பஸ் 1928இலேயே பெப்பு வெந்நீர் ஊற்று ஊரில் ஓடியது. நாராவிலும் ஹிரோஷிமாவிலும் ஒரே நிறத் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வருவதைப் பார்ப்பீர்கள். கொடிக்குப் பின்னால் நடப்பதில் அவர்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

இன்னும் சில குறிப்புகள்: ஹோட்டல் அறைகள் சின்னவை, இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் திறக்க முடியாது. அங்கே உணவகத்திலோ டாக்சியிலோ டிப்ஸ் வழக்கமில்லை, ஆனால் இந்திய நிறுவனங்கள் கைடுக்கும் ஓட்டுநருக்கும் என்று கட்டாயமாக டாலரில் வசூலிப்பது உண்டு. அது பேக்கேஜ் விலையில் சேர்ந்ததா என்று பாருங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை அவர்களுக்கு கோல்டன் வீக் விடுமுறை. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அப்போதுதான் வருவதால் நிறைய டூர்கள் அந்தத் தேதிகளில் கிளம்பும். ஏப்ரல் முதல் பாதியிலோ, மே பத்துக்குப் பிறகோ கிடைக்கிற தேதியாகப் பார்த்து எடுங்கள்.