தேசியத் தரவு ஆளுகையை இந்தியா எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: இந்தியா போன்ற வளரும் நாடு தேசிய அளவில் தரவு ஆளுகையை (அரசிடம் உள்ள தகவல்களை யார் சேகரிப்பது, யார் திருத்துவது, யார் பயன்படுத்துவது என்ற ஒழுங்கை) சரிசெய்ய நினைத்தால், முதலில் செய்ய வேண்டியது என்ன?

அரசுப் பதிவேட்டில் ஒருவரைப் பற்றிய ஒரு வரி தவறாக இருந்தால் அதைத் திருத்த வேண்டியவர் யார், எத்தனை நாளுக்குள் என்று சட்டத்தில் எழுத வேண்டும். முதல் வேலை அதுதான். டேட்டா சென்டர், செயற்கை நுண்ணறிவு எல்லாம் அப்புறம்.

தரவுத்தள வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஆனால் இந்த எண்ணம் அலுவலகத்தில் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவின் முதியோர் உதவித்தொகை திடீரென நின்றது. விசாரித்தால், கணினியில் அவர் இறந்துவிட்டார். அதே ஊரில் அதே பெயர், அதே இனிஷியலோடு வேறொருவர் இறந்திருக்கிறார். இரண்டு பட்டியலைப் பொருத்தும்போது ஆள் மாறிவிட்டது. உதவித்தொகை அலுவலகத்துக்குப் பெரியம்மாவையே நேரில் அழைத்துப் போனேன். "உயிரோட இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியுது சார். ஆனா இது மேல இருந்து வந்த டேட்டா, எங்க லாகின்ல மாத்த முடியாது" என்றார் அங்கே இருந்தவர். மேலே போய்க் கேட்டால், கீழே இருந்து வந்ததைத்தான் ஏற்றினோம் என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அந்த வரிக்குச் சொந்தக்காரர் என்று யாருமே இல்லை.

நம் ஊர்ப் பெயர்களில் இது எளிதாக நடக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே பெண் ஓர் அட்டையில் "க. முத்துலட்சுமி", இன்னொன்றில் "முத்துலெட்சுமி கருப்பையா", வங்கிக் கணக்கில் கணவர் பெயரோடு. ஆங்கில எழுத்தில் போனால் இன்னும் நாலைந்து வடிவம். பிறந்த தேதி தெரியாத முதியவர்கள் பலருக்கு ஜனவரி 1 என்று பதிவாகியிருக்கும். பெயரையும் தேதியையும் வைத்து லட்சக்கணக்கான வரிகளைப் பொருத்தினால் சில ஆயிரம் பேர் தவறாகப் பொருந்துவார்கள். அது தெரிந்தே செய்யும் வேலை என்பதால்தான், தவறு நடந்தபின் என்ன வழி என்பதை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

இங்கே கொள்கை எழுதியவர்களின் கவனம் பெரும்பாலும் வேறு பக்கம் இருந்தது. 2012இல் அரசுத் தரவைப் பொதுவில் பகிரும் கொள்கை வந்தது, நல்ல தொடக்கம். 2019இல் வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவை மொத்தமாக விற்க ஒரு கொள்கை வந்தது; வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கட்டணம். தனியுரிமை பற்றிய எதிர்ப்புக்குப் பிறகு 2020இல் அதைக் கைவிட்டார்கள். 2022 பிப்ரவரியில் வந்த வரைவும் அரசுத் தரவைக் காசாக்குவதைப் பேசி விமர்சனத்துக்கு உள்ளானது. அதற்குப் பதிலாக மே மாதம் தேசியத் தரவு ஆளுகைக் கட்டமைப்புக் கொள்கையின் வரைவு வந்தது. அதன் அழுத்தம் ஆய்வாளர்களுக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் அடையாளம் நீக்கிய தரவைத் தருவதில். அது தேவைதான். ஆனால் மூலப் பதிவேடே தவறாக இருந்தால், அடையாளத்தை நீக்கிக் கொடுத்தாலும் தவறு தவறாகவேதான் போகும்.

சரி, 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவாதா? அதைப் பெரியம்மாவை மனதில் வைத்துப் படித்துப் பார்த்தேன். திருத்தம் கேட்கும் உரிமை, ஒருவர் ஒப்புதல் கொடுத்த தரவுக்கு என்று பிரிவு 12இல் இருக்கிறது. மானியம், உதவித்தொகை போன்றவற்றுக்கு, அறிவிக்கப்பட்ட பதிவேடுகளில் ஏற்கெனவே உள்ள தரவை அரசு எடுத்துக்கொள்ளத் தனி ஒப்புதல் தேவையில்லை என்கிறது பிரிவு 7. அப்படி ஒப்புதல் இல்லாமல் எடுத்த தரவுக்கு அந்தத் திருத்த உரிமை பொருந்துமா என்பது தெளிவாக இல்லை. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று பிரிவு 8 சொல்வது உண்மை. ஆனால் மூன்று துறைகளைத் தாண்டி வந்த தவறு எங்கே நுழைந்தது என்று தேட வேண்டியது யார்? 75 வயதுப் பெண்மணி எந்த ஜன்னலில் போய் நிற்பது? அதற்கு அதில் பதில் கிடைக்கவில்லை.

இதில் எஸ்டோனியாவிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. 1991இல் விடுதலை பெற்றபோது அதுவும் பணம் இல்லாத நாடுதான். அவர்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய தரவுத்தளத்தில் கொட்டவில்லை. பதிவேடுகள் அந்தந்தத் துறையிலேயே இருக்கும். 2001இல் தொடங்கிய எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பின் வழியாக ஒரு துறை இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளும். ஒரே தகவலைச் சேகரிக்க இன்னொரு தரவுத்தளம் தொடங்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. மக்கள்தொகை சுமார் 13 லட்சம் மட்டுமே உள்ள அந்நாட்டின் மென்பொருள் நமக்கு அப்படியே பொருந்தாது என்பது சரி. நான் கேட்பது மென்பொருளை அல்ல, அந்தச் சட்ட வரியை.

இங்கே அதைச் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1969 முதல் சட்டம் இருக்கிறது. 2023 திருத்தம் தேசியத் தரவுத்தளத்தையும் சேர்த்தது. இறப்பு என்ற தகவலுக்கு அதுவே ஒரே சொந்தக்காரர் என்று வைக்கலாம். மற்ற துறைகள் நகல் எடுத்து வைக்காமல் அங்கே கேட்கட்டும். பதிவாளர் தரும் இறப்புப் பதிவு எண் இல்லாமல் யாரையும் இறந்தவர் என்று குறிக்கக் கூடாது. இதோடு இன்னொன்றையும் கட்டாயமாகச் சேர்ப்பேன்: சந்தேகம் தீரும்வரை உதவித்தொகை நிற்கக் கூடாது. தவறாக ஒருவருக்கு இரண்டு மாதம் கூடுதலாகப் போனால் அரசு தாங்கும். இரண்டு மாதம் வராமல் போனால் ரத்த அழுத்த மாத்திரை நின்றுபோகும்; என் வீட்டில் நின்றது.

நான்கு மாதம் அலைந்து, உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்கிக் கொடுத்தபின் பெரியம்மாவுக்குப் பணம் திரும்ப வந்தது. ஆனால் அந்தத் தவறான வரியின் நகல் அதற்குள் வேறு இடத்துக்கும் போயிருந்தது. ரேஷன் கார்டில் அவர் பெயர் நீக்கப்பட்டிருப்பது அடுத்த பொங்கலுக்கு அரிசி வாங்கப் போனபோதுதான் தெரிந்தது. அதே சான்றோடு மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினோம்.