"அங்கே மட்டும் எப்படி நல்லா இருந்தே?"

கேள்வி: எனக்கு 36 வயது, இரண்டு பிள்ளைகள். மூன்று மாதமாக டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் "மனசை நீதான் திடப்படுத்திக்கணும்" என்கிறார். "நாங்கெல்லாம் ஆறு பிள்ளை பெத்து வளர்க்கலையா?" என்கிறார் மாமியார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் நான் சிரித்துப் பேசியதைப் பார்த்துவிட்டு, "அங்கே மட்டும் எப்படி நல்லா இருந்தே?" என்று கணவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
வாசகி, ஈரோடு

அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் எப்படி இருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாகப் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டீர்கள். என் அக்கா இந்த நோயோடு பல வருடம் இருந்தவர். விசேஷ வீட்டில் எல்லோரையும் வாய் நிறைய வரவேற்பார். அடுத்த இரண்டு நாள் குளிக்கக்கூட எழ மாட்டார். "நேத்து நல்லாத்தானே இருந்தே" என்று நானும் அவரைக் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரச் சிரிப்புக்காக அவர் இருந்த தெம்பையெல்லாம் செலவழித்துவிட்டார் என்பது எனக்கு வெகு காலம் புரியவில்லை. அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. உங்கள் கணவர் கல்யாண வீட்டையும் பார்த்தார், மறுநாளையும் பார்த்தார். ஒன்றால்தான் மற்றொன்று என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

சொல்லும்போது "மன அழுத்தம்" என்ற வார்த்தை வேண்டாம். ஆபீஸ் டென்ஷனுக்கும் அதைத்தான் சொல்கிறோம், இந்த நோய்க்கும் அதைத்தான் சொல்கிறோம். "யாருக்குத்தான் இல்லை?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். "சோகமா இருக்கு" என்றாலோ உடனே காரணம் கேட்பார்கள், "உனக்கு என்ன குறை?" என்பார்கள். ஒரு குறையும் இல்லாதவருக்கும் இந்த நோய் வரும். அதனால் உடம்பு என்ன செய்கிறது, எது முடியவில்லை என்று சொல்லுங்கள். இப்படி:

"விடியற்காலை நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது. ஆனா ஏழு மணி வரைக்கும் காலைத் தரையில ஊன்ற முடியல. மாவு ஃபிரிட்ஜுல இருக்கு, இட்லி ஊத்தினா போதும். தட்டுல எண்ணெய் தடவணுமேன்னு நினைச்சாலே அழுகை வருது. பையன் ஸ்கூல்ல நடந்ததைச் சொல்றான். காது கேக்குது, மனசுக்குள்ள ஒண்ணும் இறங்கல."

இவை உங்களுடையவையாக இல்லாமல் இருக்கலாம். உங்களுக்கு எதுவோ அதைச் சொல்லுங்கள். விடிகாலையில் விழித்துக்கொள்வதும், காலையில் பாரம் அதிகமாக இருந்து சாயங்காலம் கொஞ்சம் தணிவதும் இந்த நோயில் பலருக்கு உண்டு. வேலை முடிந்து வரும் கணவர் பார்ப்பது அந்தச் சாயங்கால மனைவியை மட்டும்தான். இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நேரில் சொல்ல வாய் வராவிட்டால், சற்றுத் தெம்பாக இருக்கும்போது வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.

அப்புறம், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை முழுதாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், தேறிய பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும், தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதையும் டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும் என்பதால் டாக்டர்கள் அதையும் பரிசோதிப்பதுண்டு. தைராய்டு குறைந்தவரிடம் மனசைத் திடப்படுத்திக்கொள் என்று யாரும் சொல்வதில்லையே!

மாமியாரிடம் வாதாட வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "அத்தை, அந்தக் காலத்துல நம்ம ஊர்ல யாராவது பிரமை பிடிச்ச மாதிரி உட்கார்ந்தே இருந்தாங்களா?" பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின் கணக்குப்படி, பெரியவர்களில் சுமார் 20 பேருக்கு ஒருவரை வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த நோய் தொடுகிறது. அவர் தெருவிலும் யாராவது இருந்திருப்பார்கள். அன்று அதற்குப் பேய், செய்வினை என்று வேறு பெயர்கள். அவருக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தால் நல்லது. வராவிட்டாலும் பரவாயில்லை, காலையில் பிள்ளைகளுக்கு டிபன் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோய் புரியாதவர்களாலும் அந்த உதவியைச் செய்ய முடியும்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே கணவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உங்கள் போனில் மட்டுமல்ல, கணவர் போனிலும் அந்த எண்ணை இன்றே சேமித்துவையுங்கள்.