காரவானின் (கார் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியின்) கொசுவலைக் கதவைக் குளிர் தாங்கும் கதவாக மாற்ற முடியுமா?

முடியும். நாங்கள் மாற்றி மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. ஜூலைக் குளிர்கால விடுமுறைக்குத் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் போவதாகவும், வலைமேல் ஏதாவது பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓரிரவுக்குப் போதும். பத்து நாள் தங்குவதென்றால் போதாது.

எங்கள் காரவான் டர்பன் கடற்கரை விடுமுறைகளுக்கென்று வாங்கியது. கொசுவும் புழுக்கமும்தான் அதற்குத் தெரியும். அதை முதல்முறை கோல்டன் கேட் மலைப் பூங்காவின் கிளென் ரீனன் முகாமுக்கு இழுத்துப் போனபோது, விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. டொங்காட்டிலிருந்து எங்களோடு வந்திருந்த அத்தை கதவோரப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "கால்ல ஊசி குத்துற மாதிரி இருக்கும்மா" என்றார். வெளிக்கதவு பூட்டித்தான் இருந்தது. ஆனால் அதன் ரப்பர் பட்டை காய்ந்து போயிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், விளிம்பு நெடுக சில்லென்று காற்று. ஆகவே முதல் வேலை அந்த ரப்பரை மாற்றுவது. அதைச் செய்யாமல் உள்ளே எதை மாட்டினாலும் காசு வீண்.

அடுத்த ஆண்டு 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை வலைக்கதவின் அளவுக்குச் சரியாக வெட்டி, அலுமினியச் சட்டத்தில் இறுக்கித் திருகிவிட்டோம். இரண்டாம் நாள் வெயில் ஏறியதும் 'டக்' என்று ஒரு சத்தம். மேல் திருகுத் துளையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். தப்பு எங்களுடையதுதான். இந்த ஷீட்டுகள் வெப்பத்தில் நன்றாக நீளும். பாலிகார்பனேட்டும் அப்படித்தான்: ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.065 மி.மீ. கதவு 1.7 மீட்டர், இரவுக்கும் வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் 3 மி.மீ.க்கு மேல் வந்துவிடுகிறது. நகர இடமில்லாவிட்டால் வளையும், இல்லை வெடிக்கும்.

இப்போது இருப்பது இரட்டைச் சுவர் பாலிகார்பனேட், 6 மி.மீ. கார் நிறுத்தும் கூரைக்குப் போடுவார்களே, உள்ளே குழாய் குழாயாக இருக்கும், அதுதான். குளிரைத் தடுப்பது அந்தப் பிளாஸ்டிக் இல்லை, குழாய்க்குள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. சதுர மீட்டருக்கு 1.3 கிலோதான் எடை, மெலிந்த கீலும் தாங்கும். வலையைக் கழற்ற வேண்டாம். அதன் உள்பக்கம், சட்டத்தின் மேல் ஷீட் உட்கார வேண்டும். நான்கு பக்கமும் மெத்தென்ற ஃபோம் டேப், அதை அழுத்திப் பிடிக்கச் சட்டத்தில் எட்டு சிறு பிளாஸ்டிக் திருப்புத் தாழ். ஷீட்டில் துளையே இல்லை. வெளிக்கதவின் கைப்பிடியை எட்ட வலைக்கதவில் இருக்கும் சின்ன நழுவு பலகைக்கு மட்டும் ஒரு வெட்டு விட்டோம். உள்ளிருந்து ஒரே தள்ளலில் கதவு திறந்தாக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குழாய்கள் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். மேல் வாயை அலுமினிய டேப்பால் மூடுங்கள். கீழ் வாய்க்குக் காற்று போகிற டேப், உள்ளே கோத்த நீர் இறங்கிவிடும். புற ஊதாப் பூச்சு உள்ள முகம் (மேலே ஒட்டிய தாளில் அச்சிட்டிருக்கும்) வெளியே. துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும், தின்னர் ஆகாது.

ஒரு குறை, இந்த ஷீட்டில் வெளிச்சம் வரும், காட்சி வராது. அத்தைக்கு அதுதான் வருத்தம். காலையில் வெளிக்கதவைத் திறந்துவைத்து, காற்றுப் படாமல் வெயிலில் டீ குடிப்பதுதானே இந்தக் கதவின் சுகம், எதிரே பிராண்ட்வாக் பாறை மஞ்சளாக மின்னும்போது அது கலங்கலாகத் தெரிந்தால் எப்படி? மேல் பாதிக்குத் தெளிவான 3 மி.மீ. பாலிகார்பனேட் போட்டோம். சூடு கொஞ்சம் கூடுதலாகப் போகும். பரவாயில்லை.

இனி சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். கதவை இப்படி அடைத்தபின் காரவானின் காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது. சமையல் எரிவாயு (எல்.பி.ஜி.) காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதற்காகத்தான் தரையில் துளை வைத்திருக்கிறார்கள். குளிருகிறதே என்று அத்தை ஓரிரவு அதில் துண்டைச் செருகியிருந்தார். காலையில் பார்த்ததும் எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. சூட்டுக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்குவதும் அப்படியே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அலாரம் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

வண்டியை இழுக்கும்போது ஷீட்டைக் கழற்றிப் போர்வையில் சுற்றி மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவோம்.

உங்கள் வலைக்கதவின் சட்டம் எவ்வளவு அகலம் என்று அளந்து சொல்லுங்கள். ஃபோம் டேப் ஒட்டியபின் தாழ் திருக இடமில்லை என்றால் வெல்க்ரோதான் வழி, அதற்கு ஷீட்டை வேறு அளவில் வெட்ட வேண்டியிருக்கும்.