ஃபைல் வாங்குவதற்கு முன் இருப்பதைக் குறையுங்கள்

கேள்வி: எங்களுக்கு ஈரோடு. வீட்டுக்காரருக்கு 43 வயது, தனியார் கம்பெனி வேலை, மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன், 10,000 வரும். ஒரு மகன், ஒரு மகள், மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். எது எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே முழுதாகத் தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழு பேங்க் அக்கவுண்ட், அவர் பேரில் ஐந்து இன்ஷூரன்ஸ் பாலிசி (இரண்டுக்குப் பணம் கட்டி நாளாகிறது), மூன்று கம்பெனி பி.எஃப்., இரண்டு இடத்தில் நகை அடகில் இருக்கிறது. வீட்டுக் கடன் போன வருடம் முடிந்தது, பத்திரத்தை இன்னும் வாங்கவில்லை. ஒரு பேப்பர் வேண்டுமென்றால் அலமாரியையே கவிழ்க்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்க நல்ல ஆப் இருந்தால் சொல்லுங்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: இப்போதைக்கு ஆப் வேண்டாம், புது ஃபைலும் வேண்டாம். ஏழு அக்கவுண்ட்டை ஏழு கவரில் போட்டு அழகாகப் பெயர் எழுதி வைத்தாலும் ஏழு ஏழுதான். ஏழுக்கும் கே.ஒய்.சி. கேட்பார்கள், ஏழுக்கும் நாமினி போட வேண்டும், போன் நம்பர் மாறினால் ஏழு இடத்துக்கு அலைய வேண்டும். முதலில் குறைக்கலாம், அடுக்குவதைப் பிறகு பார்க்கலாம்.

ஆனால் அதற்கும் முன்னால் பத்திரம். இந்த வாரமே பேங்குக்குப் போங்கள். வீட்டுக் கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், பேங்க் பக்கம் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. நீங்களே போய்க் கேட்காமல் விட்டிருந்தால் அந்த ஈட்டை எதிர்பார்க்க முடியாது, அது வேறு விஷயம். கடன் வாங்கும்போது என்னென்ன ஆவணம் கொடுத்தீர்கள் என்ற பட்டியல் பேங்கில் இருக்கும், அதை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள், குறிப்பாகத் தாய்ப் பத்திரம் (உங்களுக்கு விற்றவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்). வாங்கியதும் வேலை முடிந்தது என்று பலர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கடன் வாங்கியபோது பத்திரத்தை ஒப்படைத்ததாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள், அதை நீக்குவதற்கு ரசீது ஆவணம் ஒன்று பதிவு செய்ய வேண்டும். அது நடக்காதவரை வில்லங்கச் சான்றில் உங்கள் வீடு அடமானத்தில் இருப்பதாகத்தான் தெரியும், பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது தலைவலி. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். பதிவு முடிந்த பிறகு ஒருமுறை பாருங்கள், அப்படியே பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நகை. இரண்டு ரசீதையும் எடுத்து, தவணை முடியும் தேதி, வட்டி, எடை மூன்றையும் காலண்டரில் பெரிதாக எழுதுங்கள். நீங்கள் கேட்டிருப்பதில் வேறெதுவும் ஒரு மாதம் தள்ளிப்போனால் பெரிய நஷ்டமில்லை, நகைக்குத் தேதி தவறினால் நோட்டீஸ், ஏலம் என்று போகும். எதற்கு வட்டி அதிகமோ அதை முதலில் மீட்கப் பாருங்கள்.

இப்போது அக்கவுண்ட்டுக்கு வருவோம். மூன்று போதும்: அவருடைய சம்பள அக்கவுண்ட், உங்கள் பேரில் ஒன்று, இருவர் பேரிலும் சேர்த்து ஒன்று. கூட்டு அக்கவுண்ட்டை இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், ஒருவர் இல்லாமல் போனாலும் மற்றவர் தொடரலாம் என்ற முறையில் வையுங்கள், வீட்டுச் செலவு முழுதும் அதிலேயே நடக்கட்டும். மீதி நான்கை மூடுவதற்கு முன் ஒரு வருட ஸ்டேட்மென்ட் எடுத்து, எந்தத் தவணை அதிலிருந்து போகிறது, கேஸ் மானியம் எதில் விழுகிறது என்று பார்த்து மாற்றிவிட்டு மூடுங்கள். சும்மா விட்டுவிடலாமே என்று நினைக்காதீர்கள். நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் இரண்டு வருடம் போனால் அக்கவுண்ட் முடங்கும், பத்து வருடம் போனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்புறமும் கேட்டு வாங்கலாம்தான், ஆனால் அலைச்சல். இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்களைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் உத்கம் என்ற இணையதளம் தொடங்கியது. உங்கள் மாமனார் பேரையும் போட்டு அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பி.எஃப். விஷயத்தில் மூன்றையும் ஒரே யு.ஏ.என். எண்ணின் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கீழ் கொண்டுவந்து, பழைய தொகையை இப்போதைய கம்பெனிக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். பணத்தை எடுத்துவிடலாம் என்று அவர் சொன்னால் தடுங்கள். மாற்றினால்தான் சர்வீஸ் தொடர்ச்சியாகச் சேரும், பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரியும் பி.எஃப்.பில் ஒரு மாதிரியும் பெயரோ பிறந்த தேதியோ இருந்தால் அதைத் திருத்துவதற்கே நேரம் எடுக்கும், அதனால் சீக்கிரம் ஆரம்பியுங்கள். திருமணத்துக்கு முன் போட்ட நாமினி பெயர்தான் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, ஆன்லைனிலேயே புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ஐந்து பாலிசிக்கும் மொத்தமாக எவ்வளவு காப்பீடு என்று கூட்டிப் பாருங்கள். சேமிப்புப் பாலிசிகளாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அப்படியென்றால் அந்தக் கூட்டுத்தொகை உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். மாதம் 62,000 கொண்டுவரும் ஒருவருக்கு ஒரு கோடிக்காவது டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல் காப்பீடு மட்டும் தருவது) வேண்டும், நகை மீட்ட கையோடு அதை எடுங்கள். நின்றுபோன இரண்டுக்கும் புதுப்பிக்க எவ்வளவு, சரண்டர் செய்தால், அதாவது பாதியில் முடித்துக்கொண்டால், எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டேர்ம் பாலிசி கைக்கு வரும்வரை எதையும் ரத்து செய்ய வேண்டாம்.

நாமினி பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பேங்க் டெபாசிட்டுக்கோ மியூச்சுவல் ஃபண்டுக்கோ நாமினி என்றால் பணத்தை வாங்கி வாரிசுகளுக்காக வைத்திருப்பவர், அவ்வளவுதான். உரிமை வாரிசுகளுக்கு. இன்ஷூரன்ஸில் மட்டும், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் 2015 திருத்தத்துக்குப் பிறகு பணம் அவர்களுக்கே சொந்தம். உங்கள் குடும்பத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்றால், உயில் எழுதாமல் அவர் காலமானால் அவர் பேரில் உள்ள வீட்டில் நீங்கள், இரண்டு பிள்ளைகள், மாமியார் நால்வருக்கும் சமபங்கு. அது சரியென்று இருவருக்கும் தோன்றினால் விட்டுவிடலாம், வேறு மாதிரி வேண்டுமென்றால் இருவரும் உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சி கட்டாயம், சொத்து பெறப்போகிறவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்வதைத்தான் நான் சொல்வேன்.

இதெல்லாம் முடியும்போது ஒரு சாதாரண நோட்டு போதுமானதாக இருக்கும். அதை அவர் அல்ல, நீங்கள் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். எழுதுகிறவருக்குத்தான் மனதில் நிற்கும். எந்த பேங்க், எந்தக் கிளை, பாலிசி எண், பிரீமியம் தேதி, யு.ஏ.என்., பத்திரம் எந்த அலமாரியில், லாக்கர் சாவி எங்கே, யாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறோம், யாருக்குக் கொடுத்திருக்கிறோம், எல்லாம் இருக்கட்டும். பாஸ்வேர்டும் பின் நம்பரும் அதில் வேண்டாம். கைமாற்று விஷயத்தில் அவர் கொஞ்சம் தயங்கலாம், ஆண்கள் பலர் வீட்டில் சொல்லாமல் ஒன்றிரண்டு வைத்திருப்பார்கள். சண்டை போடாமல் கேளுங்கள், சொன்னால் போதும், எழுதிக்கொள்ளுங்கள். மகனும் மகளும் கல்லூரி போகும் வயது என்றால் நோட்டு எங்கே இருக்கிறது என்பதை அவர்களுக்கும் காட்டிவிடுங்கள். பத்திரம் வாங்கியதும், அடகு ரசீதுகளின் தேதி, வட்டி விவரத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், எதை முதலில் மீட்பது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.