சர்வர் மதர்போர்டு ஃபர்ம்வேர்: கேள்வி பதில்

சர்வர் மதர்போர்டுகளில் ஃபர்ம்வேரை, அதாவது பலகையின் சிப்புகளிலேயே குடியிருக்கும் அடிப்படை மென்பொருளை, புதுப்பிப்பது பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும், எதிர்பார்த்ததைவிட அதிகமான கேள்விகள் வந்துவிட்டன. நான் பெரும்பாலும் கையாண்டவை சூப்பர்மைக்ரோ நிறுவனத்தின் மதர்போர்டுப் பலகைகள் என்பதால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். மற்றவர்கள் காரணங்களை இங்கே எடுத்துக்கொண்டு, செய்முறையைத் தங்கள் பலகையின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எங்களிடம் எக்ஸ்11 வரிசைப் பலகை ஒன்று இருக்கிறது. பதிவிறக்கப் பக்கத்தில் பயாஸ் என்று ஒரு கோப்பும் பிஎம்சி என்று ஒரு கோப்பும் உள்ளன. இரண்டையும் போட வேண்டுமா? எதை முதலில் போடுவது?

பதில்: இதை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், பின்னால் வரும் பாதிக் குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

உங்கள் பலகையில் இருப்பது ஒரு கணினி அல்ல, இரண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பிராசசரைக் கொண்டது ஒன்று. அதை எழுப்பி, நினைவகத்தைச் சரிபார்த்து, இயங்குதளத்தின் கையில் ஒப்படைப்பது பயாஸ். மற்றொன்று பிஎம்சி: சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்கவும் இயக்கவும் உதவும் சிறு கணினி. எக்ஸ்11 பலகைகளில் பொதுவாக ஆஸ்பீட் நிறுவனத்தின் சிப் இருக்கும். அதற்கென்று தனி ஏஆர்எம் பிராசசர், தனி நினைவகம், உள்ளே ஒரு சிறிய லினக்ஸ். சர்வரை நீங்கள் அணைத்து வைத்திருந்தாலும், மின்கம்பி செருகப்பட்டிருக்கும்வரை அது விழித்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டின் ஃபர்ம்வேரும் தனித்தனி ஃபிளாஷ் சிப்புகளில் குடியிருப்பதால், ஒன்றைப் புதுப்பிப்பது மற்றொன்றைப் புதுப்பித்ததாக ஆகாது.

வெளியீட்டுக் குறிப்பு வேறு வரிசை சொல்லாவிட்டால் நான் பிஎம்சியை முதலில் போடுவேன். பயாஸில் ஏதேனும் கோளாறு ஆனால் தொலைவிலிருந்து திரையைப் பார்க்கவும் மீட்கவும் உதவப்போவது பிஎம்சிதான்; வழிகாட்டி முதலில் தெளிவாக இருக்கட்டும். வலைப்பக்கத்தில் கோப்பை ஏற்றிய பின் இணைப்பு அறுந்து, சில நிமிடம் பதிலே வராது. அந்நேரத்தில் விசிறிகள் முழு வேகத்தில் இரைந்தாலும் பதற வேண்டாம். அமைப்புகளைத் தக்கவைக்கும் தேர்வு அங்கே இருக்கும். பெரிய பதிப்புத் தாவலாக இருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதிதாகவே அமைப்பது நல்லது; அப்படிச் செய்தால் பிஎம்சியின் நிலையான முகவரியும் போய்விடும் என்பதை மனத்தில் வையுங்கள்.

பயாஸ் கோப்பை வலைப்பக்கம் வழியாக ஏற்ற இந்தத் தலைமுறைப் பலகைகளில் தனி உரிமம் கேட்கும். உரிமம் இல்லையென்றால் எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் கோப்புகளைப் போட்டு, யுஇஎஃப்ஐ ஷெல்லில் (இயங்குதளம் எழுவதற்கு முன்பே கட்டளையிட உதவும் திரையில்) தொடங்கி, கூடவே வரும் ஃபிளாஷ் ஸ்கிரிப்டைக் கோப்பின் பெயரோடு இயக்கினால் போதும். சில பலகைகளில் அந்த ஸ்கிரிப்டு பாதியில் சர்வரைத் தானே மறுதொடக்கம் செய்து, மீண்டும் அதே பென் டிரைவிலிருந்து வேலையைத் தொடரும். முதல் மறுதொடக்கத்தைப் பார்த்ததும் முடிந்துவிட்டது என்று பென் டிரைவைப் பிடுங்கியவர்கள் உண்டு. முடிந்தது என்ற செய்தி திரையில் வந்த பிறகே அணைத்து, மின்கம்பியைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து, சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடத்தை) அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: புதுப்பித்தல் வெற்றி என்று வந்தது. மறுதொடக்கம் செய்து நான்கு நிமிடம் ஆகிறது. திரை கறுப்பாகவே இருக்கிறது. அணைத்துவிடலாமா?

பதில்: அணைக்காதீர்கள். பயாஸ் மாறியதும் பழைய நினைவக அளவீடுகள் செல்லாமல் போகின்றன. ஒவ்வொரு நினைவகப் பலகைக்கும் சமிக்ஞையின் நேரத்தை அது மீண்டும் அளந்து பார்க்கிறது. நினைவகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நேரம் ஆகும். டிடிஆர்5 வகை நினைவகம் போட்ட பெரிய சர்வர்களில் பத்து நிமிடம் தாண்டுவதும் உண்டு. பலகையில் சிறு எண்காட்டியோ, பிஎம்சி பக்கத்தில் தொடக்கக் குறியீடோ இருந்தால் எண் மாறுகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் மட்டுமே அடுத்த யோசனை. பல ஆண்டுகளுக்கு முன் நானே ஆறாவது நிமிடத்தில் பொறுமை இழந்து மின்சாரத்தை நிறுத்தினேன். அன்று எதுவும் கெடவில்லை. அடுத்த முறையும் அதே துணிச்சலைக் காட்டினேன், அன்று பலகை எழவில்லை.

கேள்வி: யுபிஎஸ் கட்டாயமா?

பதில்: ஆம். சார்ஜ் உள்ள பேட்டரியோடு.

கேள்வி: எச்12எஸ்எஸ்எல் பலகையில் ஏஎம்டியின் எபிக் 7003 வரிசைப் பிராசசரைப் பொருத்தினேன், எதுவும் வரவில்லை. பழைய 7002 போட்டால் ஓடுகிறது.

பதில்: அந்தப் பலகையில் 7003 வரிசைக்கு பயாஸ் 2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். 7002ஐ மீண்டும் பொருத்தி, புதுப்பித்து, பிறகு மாற்றுங்கள். இதற்கு முந்தைய எச்11 பலகை வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: அங்கே 7002 வரிசைக்குப் பலகையின் திருத்த எண் 2 ஆக இருக்க வேண்டும், பலகையிலேயே அச்சிட்டிருப்பார்கள். மாதிரிப் பெயர் ஒன்றாக இருப்பதால் கோப்பும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெயரைப் பார்ப்பது போதாது, திருத்த எண்ணையும் பாருங்கள்.

கேள்வி: பயன்படுத்திய எபிக் பிராசசர் ஒன்றை மலிவாக வாங்கினேன். பயாஸ் புதியது, பலகை சரியானது, ஆனாலும் எழவில்லை. எந்தப் பதிப்பைப் போட வேண்டும்?

பதில்: எந்தப் பதிப்பும் உதவாமல் போகலாம். ஏஎம்டியின் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்ற வசதியில், சில தயாரிப்பாளர்களின் சர்வரில் ஒருமுறை ஓடிய பிராசசர், அந்தத் தயாரிப்பாளர் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கும்படி உள்ளேயே ஃபியூஸ் எரித்துப் பூட்டப்படுகிறது. டெல் சர்வரிலிருந்து கழற்றியவை இவ்வாறு சிக்கிக்கொள்வது 2020 முதல் பேசப்பட்டுவருகிறது. ஃபியூஸ் எரிந்தால் திரும்பாது. விற்றவரிடம் அது எந்த சர்வரில் இருந்தது என்று கேளுங்கள். அதே நிறுவனத்தின் பலகையில் அது வேலை செய்யும்.

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்பின் பயாஸ்...

பதில்: தம்பி, லேப்டாப் என் துறை இல்லை. தயாரிப்பாளரின் உதவிப் பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: அந்த பயாஸ் உரிமத்தைக் காசு கொடுக்காமல் பெற வழி உண்டாமே?

பதில்: அதைப் பற்றி இங்கே பேச மாட்டேன். பென் டிரைவ் இருக்கும்போது அது தேவையும் இல்லை.

கேள்வி: ஐயா, இருபது ஆண்டுகளாக சர்வர் பார்க்கிறேன். ஓடுகிற சர்வரின் ஃபர்ம்வேரைத் தொடவே கூடாது என்பது என் முடிவு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்புப் பிழைக்கு இன்டெல் கொடுத்த மைக்ரோகோடை (பிராசசருக்குள்ளேயே ஓடும் திருத்தத்தை) அவசரமாகப் போட்டவர்களின் ஹாஸ்வெல், பிராட்வெல் தலைமுறை சர்வர்கள் தாமாக மறுதொடக்கம் ஆகின. அதே மாதம் 22ஆம் தேதி இன்டெல்லே நிறுத்தச் சொன்னது. பொறுத்திருந்தவர்கள்தானே பிழைத்தார்கள்?

பதில்: நீங்கள் சொல்லும் நிகழ்வு உண்மை, பயாஸைப் பொறுத்தவரை உங்கள் முடிவோடு பெருமளவு உடன்படுகிறேன். மைக்ரோகோடை லினக்ஸ் தொடக்கத்திலேயே ஏற்றிக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யலாம். பயாஸில் எழுதியதை அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெற முடியாது. புதிய பலகைகள் சிலவற்றில் பழைய பதிப்புக்கு இறங்கவே விடாது. ஆகவே குறிப்பில் உங்கள் பிராசசருக்கோ, உங்களுக்கு நேர்ந்த பிழைக்கோ தொடர்பு இல்லாத பயாஸ் பதிப்பை ஒரு மாதம் காத்திருந்து போடுவதில் தவறில்லை.

ஆனால் இதே நியாயத்தை பிஎம்சிக்குப் பொருத்த முடியாது. 2019 செப்டம்பரில் எக்லிப்சியம் என்ற ஆய்வுக் குழு, எக்ஸ்9, எக்ஸ்10, எக்ஸ்11 பலகைகளின் பிஎம்சியில், தொலைவிலிருந்தே சர்வரில் ஒரு யுஎஸ்பி கருவியைச் செருகியதுபோல் நடிக்க முடிவதை வெளியிட்டது. ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாராக் பிஎம்சி ஃபர்ம்வேரில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையவிடும் பிழைக்கு 2025 மார்ச்சில் திருத்தம் வந்தது. ஜூனில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, அது உண்மையான தாக்குதல்களில் பயன்படுத்தப்படுகிறது என்று தன் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் இயங்குதளத்தை மீண்டும் நிறுவினாலும், பிஎம்சியைப் பிடித்த தாக்குதல்காரர் வெளியேற மாட்டார்.

அதே கேள்வியாளர்: அப்படியென்றால் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் பிஎம்சி பாதுகாப்பாகிவிடும் என்கிறீர்களா? பிஎம்சியோடு நெட்வொர்க்கில் பேசப் பயன்படும் ஐபிஎம்ஐ நெறிமுறையிலேயே ஓட்டை இருக்கிறதே.

பதில்: இல்லை, அப்படிச் சொல்லவில்லை; நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஐபிஎம்ஐ 2.0இல், பயனர் பெயர் தெரிந்த எவர் கேட்டாலும், அவர் யார் என்று உறுதிசெய்வதற்கு முன்பே பாஸ்வேர்டின் ஹாஷை (ஊகித்துப் பார்த்து பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க உதவும் உருமாற்றிய வடிவத்தை) கொடுத்துவிடும் வழக்கம் நெறிமுறையிலேயே உள்ளது. 2013இல் பதிவான இந்தக் குறையை எந்த ஃபர்ம்வேரும் தீர்க்காது. நீளமான பாஸ்வேர்டும் தனி நெட்வொர்க்கும்தான் மருந்து. 2020க்கு முந்தைய சூப்பர்மைக்ரோ பலகைகளில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஒரே சொல்லாக, அட்மின் என்றே வந்தன; எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இயல்பு பாஸ்வேர்டு கூடாது என்ற கலிஃபோர்னியச் சட்டம் வந்த பிறகே ஒவ்வொரு பலகைக்கும் தனி பாஸ்வேர்டு அச்சிடத் தொடங்கினார்கள். ஆக, பிஎம்சியைப் புதுப்பிக்கவும் வேண்டும், ஒதுக்கியும் வைக்க வேண்டும்.

கேள்வி: புதுப்பித்த பிறகு திரை கறுப்பாக...

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள். அணைக்காதீர்கள்.

கேள்வி: பயாஸ் போட்ட பின் வட்டின் குறியாக்கம் திறக்க மறுத்து மீட்புச் சாவியைக் கேட்கிறது.

பதில்: குறியாக்கச் சாவியைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப், ஃபர்ம்வேரின் அளவீட்டைப் பதிந்துவைத்து, அது மாறாதபோது மட்டுமே சாவியைத் தரும், பயாஸ் மாறினால் அளவீடும் மாறும். விண்டோஸில் பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கத்தை முன்கூட்டியே இடைநிறுத்த வேண்டும்; லினக்ஸில் டிபிஎம்மோடு கட்டிய சாவியைப் பின்னர் மீண்டும் பதிய வேண்டும். இப்போது மீட்புச் சாவிதான் வழி. இன்னும் போடாதவர்கள் அமைப்புப் பக்கங்கள் அனைத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: தொடக்க வரிசை, மெய்நிகராக்கம், வட்டு இயங்குவது ரெய்டு முறையிலா ஏஎச்சிஐ முறையிலா, மின்சாரம் திரும்பினால் தானாக எழ வேண்டுமா ஆகிய நான்கும்தான் அடிக்கடி தொலைகின்றன.

கேள்வி: பாதியில் மின்சாரம் போய்விட்டது. பலகை செத்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முதலில் மென்மையான வழி: பயாஸ் கோப்பைச் சூப்பர் என்று பெயர் மாற்றி, ரோம் என்ற நீட்சியோடு (SUPER.ROM) பென் டிரைவில் வைத்து, கண்ட்ரோல், ஹோம் விசைகளை அழுத்திக்கொண்டே சர்வரை எழுப்புங்கள், தொடக்கத் தொகுதி தப்பியிருந்தால் மீட்புத் திரை வரும். பிஎம்சி விழித்திருந்து உரிமமும் இருந்தால் அங்கிருந்தே மீண்டும் எழுதலாம். இரண்டும் பயனில்லையென்றால் ஃபிளாஷ் சிப்பில் நேரடியாகக் கிளிப் மாட்டி எழுத வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ கருவிகளில் சமிக்ஞைக் கம்பிகள் ஐந்து வோல்ட் தருவதுண்டு, சிப்போ 3.3 வோல்ட்டுக்கு உரியது. அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள். எழுதும் முன் இருப்பதை இரண்டு முறை படித்துச் சேமித்து, இரண்டு பிரதிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். உங்கள் பலகையின் நெட்வொர்க் முகவரியும் வரிசை எண்ணும் அதற்குள் இருக்கக்கூடும்.

கேள்வி: பத்து நிமிடமாகத் திரை...

பதில்: அணைக்காதீர்கள்.

இருபது ஆண்டு அனுபவமுள்ள அதே கேள்வியாளர்: என் எக்ஸ்9 பலகைகளுக்கு இனிப் புதிய பிஎம்சி ஃபர்ம்வேர் வரப்போவதில்லை. ஆகவே பிஎம்சிக்கென்று உள்ள தனி நெட்வொர்க் துறையிலிருந்த (போர்ட்டிலிருந்த) கம்பியையே கழற்றிவிட்டேன். இதைவிடப் பெரிய பாதுகாப்பு ஏது?

பதில்: கழற்றியபின் சர்வரின் மின்கம்பியையும் ஒருமுறை எடுத்துச் செருகினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பலகைகளின் பிஎம்சி இயல்பாக ஃபெயில்ஓவர் முறையில் இருக்கும்: தான் எழும்போது தனித் துறையில் இணைப்பைக் காணாவிட்டால், சர்வரின் முதல் நெட்வொர்க் துறையில் ஏறிக்கொள்ளும். உங்கள் அலுவலக நெட்வொர்க்கில் ஐபிஎம்ஐக்குரிய 623ஆம் போர்ட்டைத் தேடிப் பாருங்கள்.

அவரே, ஒரு மணி நேரம் கழித்து: மூன்று பலகைகள் கிடைத்தன. மூன்றிலும் பாஸ்வேர்டு அட்மின்.

பதில்: பிஎம்சி பக்கத்தின் நெட்வொர்க் அமைப்பில் ஃபெயில்ஓவரை டெடிகேட்டட் (தனித் துறை மட்டும்) என்று மாற்றிச் சேமித்து, அங்கிருந்தே பிஎம்சியை மறுதொடக்கம் செய்யுங்கள், சர்வரை நிறுத்தத் தேவையில்லை. மாற்றுவதற்கு முன் தனித் துறையின் கம்பியை ஒரு தனி வீலானில் (அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவைத்த பகுதியில்) செருகிவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே உள்ளே நுழைய முடியாது. பாஸ்வேர்டை அதற்கும் முன்பே மாற்றுங்கள்.