ஓடினால் இளகுகிற ஆடுசதை விடிந்ததும் இறுகுவது ஏன்?

கல்லடியிலிருந்து 43 வயது வாசகர் கேட்கிறார்: "காலையில் கடற்கரை மணலில் ஓடுகிறேன். முதல் பத்து நிமிடம் ஆடுசதை மரக்கட்டை மாதிரி இருக்கும், பிறகு இளகிவிடும். மறுநாள் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலுக்கு மேலே பிடித்து இழுக்கிறது. நரம்பு சுருண்டுவிட்டது, ஊசி போட்டால் சரி என்கிறார்கள். போடலாமா?"

போடாதீர்கள். அங்கே நரம்பு எதுவும் சுருளவில்லை. குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிற அந்தக் கயிறு தசைநாண், ஆடுசதையைக் குதிகால் எலும்போடு கட்டுவது. ஓடும்போது உடல் எடையைப்போல் 6 மடங்குக்கும் மேலான பாரம் அதில் ஏறும்; அது ஸ்பிரிங் போல நீண்டு, சுருங்கும்போது உங்களை முன்னே தள்ளும். ஸ்பிரிங் விறைப்பாக இருப்பது நோயல்ல. அசையாமல் கிடந்த தசை அசைய அசைய இளகும், உங்கள் முதல் பத்து நிமிடம் அதுதான். நாண் அப்படியல்ல, அதன் கணக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். மணலில் குதிகால் புதைவதால் ஆடுசதைக்கு வேலை கூடுகிறது. கொஞ்ச நாள் தார் ரோட்டில், பாதித் தூரம் ஓடுங்கள்.

ஊசிக்கு வருகிறேன். ஸ்டீரொய்ட் ஊசி வலியை அடக்கும், நாணைப் பலவீனமாக்கும். வலி போய்விட்டதென்று ஓடி, நாண் அறுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டொக்டரின் துண்டு இல்லாமல் பாமசியில் வயிற்றோட்டத்துக்கு வாங்கி விழுங்கும் சிப்ரோஃப்ளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக்கும் நாணைக் கெடுக்கும். விற்பவர் இதைச் சொல்வதில்லை. அரச வைத்தியசாலையில் வரிசையில் நின்று பிசியோதெரபிக்கு நாள் கிடைப்பதற்குள் சனம் ஊசிக்காரரிடம் போய்விடுகிறது. யாரைக் குறை சொல்ல?

செய்ய வேண்டியது வீட்டுப் படியில் இருக்கிறது. முன்பாதத்தைப் படியில் வைத்து, சுவரைப் பிடித்து, இரண்டு காலாலும் எழும்பி, நோகும் காலில் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். ஒரு முறைக்கு 15 தடவை, அப்படி 3 முறை, காலையும் மாலையும். 12 கிழமை. ஆம், மூன்று மாதம், நாண் அவசரப்படாது. லேசான நோவு பரவாயில்லை.

ஒரே ஒரு விலக்கு. விரலால் அமுக்கிப் பாருங்கள். நோவு எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரல் மேலே என்றால் மேலே சொன்னபடி செய்யலாம். சப்பாத்து உரசுகிற இடத்தில், எலும்போடு நாண் ஒட்டும் இடத்திலேயே நோவு என்றால் படியே வேண்டாம். அங்கே குதிகாலைக் கீழே இறக்கினால் நாண் எலும்பில் நசுங்கும். வெறுந்தரையில் எழும்பித் தரைமட்டம் வரை மட்டும் இறங்குங்கள்.