லிஸ்பில் ரியாக்டிவ் முறையில் நிலை மாற்றத்தை எப்படி எழுதுவது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு உணவுக்கடைக்காகக் காமன் லிஸ்ப் நிரல்மொழியில் ஒரு நிரல் எழுதுவதாகவும், பில் தொகை தானாக மாறினாலும் மேசை 'காலி', 'ஆள் இருக்கு' என்று மாறுவது சிக்கலாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். ரியாக்டிவ் முறைக்காக, அதாவது ஒரு மதிப்பு மாறினால் அதைச் சார்ந்தவையும் தானாக மாறுவதற்காக, கென்னி டில்டன் எழுதிய செல்ஸ் (Cells) நூலகத்தை வைத்தே சொல்கிறேன்.

தொகை சுலபம், எக்செல் மாதிரிதான். ரொட்டி சானாய் 3, தே தாரிக் 2 என்ற எண்ணிக்கைகள் உள்ளீட்டுச் செல்கள், அதாவது நாம் நேரடியாக மதிப்புக் கொடுக்கும் செல்கள். மொத்தம் ஒரு சூத்திரம். அது ஓடும்போது எந்தெந்தச் செல்லைப் படிக்கிறது என்று நூலகமே குறித்துக்கொள்கிறது. ரொட்டி 4 ஆக மாறினால் மொத்தமும் மாறிவிடும்.

மேசை அப்படியல்ல. 'பில் கட்டியாச்சு' என்பது நடந்து முடிகிற சம்பவம். அதைச் சாதாரணச் செல்லில் வைத்தால், அடுத்தவர் வந்து உட்கார்ந்த பிறகும் அது உண்மையாகவே நிற்கும். இதற்குத்தான் எஃபெமரல் செல் இருக்கிறது: மாற்றம் பரவி முடிந்ததும் தானே 'நில்' (nil, லிஸ்பில் 'எதுவுமில்லை') ஆகிவிடும்.

சரி, அப்புறம் நிலையை யார் நினைவில் வைப்பது? சூத்திரமே. செல்ஸில் ஒரு சூத்திரம் தன் முந்தைய மதிப்பைப் படிக்கலாம். ஆள் உட்கார்ந்தால் 'ஆள் இருக்கு', பில் கட்டினால் 'காலி', இரண்டும் இல்லையென்றால் பழைய மதிப்பு. இந்த மூன்றாவது கிளையை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். சூத்திரம் வேறொரு செல்லால் மறுபடி ஓடியபோது மேசையின் நிலையே காணாமல் போனது. கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது.

திரையில் நிறம் மாற்றுவது போன்ற வேலைகளை அப்சர்வரில் (ஒரு செல்லின் மதிப்பு மாறியதும் ஓடும் தனிக் குறிமுறையில்) வையுங்கள், சூத்திரத்துக்குள் வேண்டாம்.